வசூல் இல்லாத கூட்டம்

பூம்பாறைக்கு மேலே இருக்கும் எங்கள் ஊருக்குக் காலையில் ஒரே ஒரு அரசு பஸ்தான். அதை விட்டால் அடுத்தது மத்தியானம். நான் கொடைக்கானலில் ஒரு லாட்ஜில் வரவேற்பில் இருந்தேன். இரவு வேலை பார்ப்பவர் ஏழரைக்குக் கிளம்பிவிடுவார். அதற்குள் நான் போய்ச் சேர வேண்டும். அந்த பஸ் இருந்ததால்தான் எனக்கு அந்த வேலை இருந்தது.

ஒருநாள் கண்டக்டர் டிக்கெட்டை நீட்டிக்கொண்டே சொன்னார். “கவர்மெண்டுக்குப் பட்ஜெட்ல துண்டு விழுதாம்க்கா. செலவைக் குறைக்கச் சொல்லி மேல இருந்து உத்தரவு. காத்தாடுற வண்டியெல்லாம் நிறுத்தப் போறாங்க. திங்கக்கெழமை ஸ்டாண்டுல செக்கிங் இருக்கு.”

அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னேன். அவள் பூண்டுக் காட்டுக்காரி. நாலு பேரை வைத்து வேலை வாங்கிப் பழகியவள். “ஆளில்லன்னுதான நிறுத்துறாங்க? ஆளைக் காட்டிருவோம்,” என்றாள்.

திங்கட்கிழமை பூண்டுக்குக் களை எடுக்கும் சோலியை அப்படியே போட்டுவிட்டு ஊர்ப் பெண்களெல்லாம் வெள்ளனே வந்து நின்றார்கள். திருவிழாச் சேலை, தலை நிறையப் பூ. வழக்கமாக ஏறும் ஆண்கள் ஏழெட்டுப் பேர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். அக்கா படிக்கட்டில் நின்று அவர்களை விரட்டினாள்.

“ஏலே, வெரசா எறங்குங்க. ஒங்களுக்குன்னா டிக்கெட்டுக்குக் காசு குடுக்கணும். பொம்பளைக எங்களுக்கு ஓசி. வெட்டிச் செலவு எதுக்கு?”

நியாயமாகத்தான் பட்டது. சிக்கனமாக இருக்கச் சொன்னது அரசாங்கம். எங்கள் ஊர் அன்றைக்கே இருந்து காட்டியது. பஸ்ஸில் எள் போட்டால் எள் விழாது. வழியெல்லாம் ஒரே சிரிப்பு.

ஸ்டாண்டில் மப்ளர் சுற்றிய செக்கர் காத்திருந்தார். நாங்கள் இறங்க இறங்க அவர் முகம் மலர்ந்தது. பிறகு கண்டக்டரின் மிஷினை வாங்கிப் பார்த்தார்.

“இம்புட்டுக் கூட்டம், வசூல் எங்கய்யா?”

“எல்லாம் லேடீஸ் சார்.”

நான் முன்னால் போனேன். “எங்க டிக்கெட்டுக்கு அரசாங்கம் பணம் கட்டுதுல்லங்க சார்?”

“கட்டுதும்மா. அவங்களுக்கு அதுவும் செலவுதான?”

“அப்ப நாங்க ஏறுனா வரவாங்க, செலவாங்க?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எங்க ஆபீசுக்கு வரவு. அவங்களுக்குச் செலவு. ரெண்டும் கவர்மெண்டுதான். மொத்தத்துல என்னன்னு… எனக்கே தெரியலம்மா.”

அவர் அதட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு கேட்டிருப்பேன். பாவம்போல நின்றவரிடம் என்ன சண்டை போடுவது? ஸ்டாண்டை விட்டு நகரும்போது அக்கா என் காதில் கேட்டாள்: “நம்ம செயிச்சமா, தோத்தமா?” லாட்ஜில் தினமும் பேப்பர் படிக்கிறவள் நான். எனக்கும் விளங்கவில்லை.

அதற்குப் பிறகு பற்றாக்குறை என்று எங்கே கண்டாலும் விடாமல் படித்தேன். செலவைக் குறைக்காவிட்டால் நாடு தாங்காது என்று ஒருவர் எழுதுவார். குறைத்தால் ஜனங்கள் தாங்க மாட்டார்கள் என்று மறுநாள் இன்னொருவர். படிக்கும்போது இரண்டுமே சரியாக இருந்தது. மடித்து வைத்தால் தலை கிறுகிறுத்தது.

அடுத்த மாதம் ஒரு காலை பஸ் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் நான் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தபோது லாட்ஜ் மேனேஜர் போனில் கூப்பிட்டார்.

“நாளைக்காச்சும் வந்துருவியாம்மா?”

ஜீப்பில் போய்வந்தால் சம்பளத்தில் பாதி அதற்கே போய்விடும். “இனிமே பஸ் வராதுங்க சார். வேற ஆளைப் பாத்துக்கங்க,” என்று நானே சொன்னேன். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் போனையே முறைத்துக்கொண்டு நின்றேன்.

களைக்கொத்தோடு காட்டுக்குப் போய்க்கொண்டிருந்த அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

“அப்ப ஒன் சம்பளமும் கவர்மெண்டு மிச்சம் புடிச்ச கணக்குல சேந்துருச்சாடி?”

நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். “தெரியலக்கா,” என்று சொல்வதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.