அடுப்பில் கறுத்த பெஸ்தோ

எங்கள் பிரா ஊரில் துளசி மாதிரி மணக்கும் பேசில் செடித் தோட்டத்தில் இலை பறிக்கும் கிளெமெந்தே, பிப்ரவரியில் மனைவி இல்தாவை அடக்கம் செய்தான். அதிலிருந்து இரண்டு வயது மகள் நினெத்தா எதைக் கொடுத்தாலும் துப்பினாள். இந்த வாரமும் எடை குறைந்தால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

எதிர்வீட்டிலிருந்து நான் போனபோது, பேசில் இலையை அரைத்த பெஸ்தோ விழுதை அவன் அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டுக் கொண்டிருந்தான். அது கறுத்துக் கசந்துவிட்டது.

“நாள் பூரா இலை பறிக்கிற. அதைக் காய்ச்சக் கூடாதுன்னு தெரியாதாடா?”

“பறிக்கத்தான் தெரியும் சின்னம்மா. சமைச்சதெல்லாம் அவதான்.”

“நீயே புதுசா இடி. நான் எத்தனை நாளைக்கு வருவேன்?”

கல் உரலில் இலையையும் பைன் கொட்டையையும் பாலாடைக்கட்டியையும் இடித்தான். இல்தா குழந்தைக்குச் செய்வது போலவே, பூண்டைத் தொடவிடவில்லை, கொஞ்சம் தயிர் சேர்க்கச் சொன்னேன். வெந்த உருளைக்கிழங்கையும் பீன்ஸையும் மசித்து, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே பெஸ்தோவைப் பிசையவிட்டேன்.

நினெத்தா இரண்டு வாய் விழுங்கினாள். பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பி, “அம்மா” என்று கூப்பிட்டாள். யாரும் வரவில்லை. அழத் தொடங்கினாள்.

“நான்தான் செஞ்சேன், கண்ணு” என்றான் கிளெமெந்தே. அடுத்த வாயைக் கரண்டியில் எடுத்து நீட்டினான்.

அவள் அழுதுகொண்டே வாயைத் திறந்தாள்.