டைலரும் ராணி காசும்

துரைமார் தைக்க அனுப்பும் கோட்டு ஒன்றை மேசைமேல் விரித்ததும் ஐயாக்கண்ணு கிழிசலைப் பார்ப்பதில்லை. முதலில் இரண்டு விரல்கள் பையின் அடி ஓட்டை வழியாக உள்துணிக்குள் நுழைந்து, மடிப்பு முழுக்கத் தடவிக்கொண்டே போகும். காசு ஏதும் தட்டுப்பட்டால் எடுத்து ஒளிக்கிற ஆள் இல்லை. தைத்த கோட்டோடு பங்களாவுக்கே கொண்டுபோய் நீட்டி, "ஏனுங் தொரை, இத எனக்குக் குடுத்தீங்கன்னா தையக்கூலி வேண்டாமுங்க" என்பார். ஏற்காடு கடைவீதியில் மிஷின் போட்டிருக்கும் இந்த டைலரிடம் இப்படிச் சேர்ந்த ஐரோப்பியக் காசுகள் நாற்பத்தொன்று.

க்ளப்பில் கழித்துப்போட்ட நாணயப் புத்தகம் ஒன்றை எழுத்துக் கூட்டிப் படித்தே எல்லாம் கற்றுக்கொண்டவர். பித்தான் தைக்க வந்து உட்கார்ந்தவர்களும் தப்ப முடியாது. "தலையச் சுத்தி வெறும் எடமா இருக்குது பாருங்க, இதுக்கு வயலுன்னு பேரு. மறுபக்கம் நேராத் தெரியோணும்னா பிரெஞ்சுக் காசத் தலகீழாத் திருப்போணும், இப்ப வர்ற இங்கிலீசுக் காசப் பக்கவாட்டுல திருப்போணும். இங்கிலீசு ராசாவுல ஒருத்தரு எடப்பக்கம் பாத்தா அடுத்து வர்றவரு வலப்பக்கந்தான் பாப்பாரு. ஒருத்தரு பாத்த தெசையில அடுத்தவரு பாக்கறதில்லீங்க!"

அம்மாசியின் பேரை எடுத்தால் மட்டும் மிஷின் மிதி வேகமாகிவிடும். நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவில் பட்லர் அவர். காசைப் பற்றி ஒன்றும் தெரியாது. விருந்தாளிகள் புறப்படும்போது பெட்டி தூக்கிய கையில் தானாக வந்து விழும். "அந்தாளுக்கென்னங்க, சோத்துத் தட்டத் தொடைக்கறதுக்குள்ள நாலு தேசத்துக் காசு வந்துருது" என்று நூலைப் பல்லால் கடித்துத் துப்புவார்.

போன தையில் அந்த அம்மாசியே கடைக்கு வந்தார். ஏடன் பக்கம் காப்பி வியாபாரம் செய்யும் விருந்தாளி ஒருவர் கொடுத்ததாம், உள்ளங்கை நிறையும் வெள்ளிக் காசு. ஒரு பக்கம் முக்காடிட்ட ராணி, மறுபக்கம் இரட்டைத் தலைக் கழுகு. ஆஸ்திரியா ராணியின் பேரில் அடித்த மரியா தெரேசா தாலர். ஐயாக்கண்ணு புத்தகப் படத்தில் மட்டுமே பார்த்து ஏங்கியது.

"அசலுங்களா டைலரே? எம்பட கையில வந்த நல்ல பொருளு இது ஒண்ணுதானுங்க. உங்களுக்குத் தெரியும்னுதான் வந்தேன்."

ஐயாக்கண்ணு ராணியின் தோளில் குத்தியிருந்த அலங்கார ஊசியின் முத்துகளை எண்ணினார். புத்தகத்தில் கண்டபடியே ஒன்பது. விளிம்பைச் சுற்றி எழுத்துகள் மேடாக ஓடின. கள்ளக் காசில் இவ்வளவு சுத்தமாக வராது என்று புத்தகம் சொல்லியிருந்தது. துணி ஏதும் இல்லாமலே மிஷின் மிதி வேகமாக ஓடியது.

"போலிங்க" என்றார். "ஈயங்கலந்தது."

அம்மாசியின் முகம் சுருங்கிப்போயிற்று. காசை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு மிஷின்மேல் வைத்தார். "அப்ப எனக்கெதுக்குங்க? நீங்களே வெச்சுக்கங்க." கடைப்படி இறங்கிப் போய்விட்டார்.

அன்று ஐயாக்கண்ணுவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து ஒருவரிடமும் அதை எடுத்துக் காட்ட முடியவில்லை. அசல் என்று சொன்னால் நாகலூருக்குச் செய்தி போகும். போலி என்று சொல்ல நாக்கு எழவில்லை. காசுப் பெட்டியைத் துடைக்க வந்த மனைவி காவேரிதான் கேட்டாள்: "இதாருங்க குடுத்தது?"

"பட்லரு."

"சும்மாவா? நொம்ப நல்ல மனசுங்க அவருக்கு."

ஞாயிற்றுக்கிழமை சர்ச் மணி அடிக்கும் நேரத்தில் நாகலூருக்கு நடந்தார். பங்களாவின் சமையற்கட்டு வாசலில் நின்று அம்மாசியிடம் தாலரை நீட்டினார். "அசலுங்க இது. அன்னிக்கு வவுத்தெரிச்சல்ல பொய் சொல்லிப்போட்டேன்."

"ஊட்டுக்காரிகிட்ட நான் ஏமாந்துட்டேன்னு சொல்லிப்போட்டேன் டைலரே" என்றார் அம்மாசி. பிறகு காசை வாங்கி, வெள்ளைக் கோட்டுப் பையில் கிடந்த சாவிக்கொத்தின் மேலேயே போட்டார். கிணுக்கென்று ஒரு சத்தம்.

தன் தோலில் கீறல் விழுந்ததுபோல் ஐயாக்கண்ணு துடித்துப்போனார். "உரசுதுங்க! கோட்டக் கழட்டிக் குடுங்க."

படியில் உட்கார்ந்து, சட்டைக் காலரில் செருகியிருந்த ஊசியை உருவினார். தோள் துண்டின் ஓரத்தைக் கிழித்து, கோட்டின் மார்புக்கு உட்புறம் ஒரு சின்னப் பை தைக்க ஆயத்தமானார். அளவுக்காகத் தாலரைக் கேட்டு வாங்கித் துணிமேல் வைத்தார். எடுத்தார். மறுபடியும் வைத்தார். வட்டமான ஒரு காசுக்கு மூன்றுமுறை அளவெடுத்தார்.