எமில் கோவார் மூடிய குழிகள்

பள்ளத்தைக் கண்டால் எமில் கோவாருக்குக் கை சும்மா இருக்காது. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் இருபது வருடம் சாலை போட்டவர். இரண்டாம் உலகப் போர் வந்ததும், நாற்பத்திரண்டு வயதில் கடற்படையின் கட்டுமானப் பிரிவில் சேர்ந்து, கலிஃபோர்னியாக் கடற்கரை முகாமில் புல்டோசர் ஓட்டிக்கொண்டிருந்தார். இந்த வயதில் போருக்கு என்ன அவசரம் என்று மனைவி ரோசலி தடுத்தும் கேளாமல் வந்தவர்.

அந்த முகாமுக்குச் சினிமாக்காரர்கள் வந்து இறங்கினார்கள். கட்டுமானப் படையைப் பற்றியே போர்ப்படமாம். குண்டு விழுந்த ஓடுதளத்தில் எமில் புல்டோசரில் உட்கார்ந்திருக்க வேண்டும், முகம் திரை முழுக்கத் தெரியும் என்றார் டைரக்டர். எமில் அன்றே ரோசலிக்குக் கடிதம் போட்டுவிட்டார். படம் பிடித்த மறுநாளே கப்பல். திரும்பி வருவது யார் கையில் இருக்கிறது? ஊர்த் தியேட்டரில் அவள் தன்னை ஒரு தடவையாவது பார்த்துவிட்டால் போதும் என்று நினைத்தார்.

காலை முழுக்கப் படக்குழு ஆட்கள் வியர்வை சொட்டச் சொட்ட, குண்டு விழுந்த மாதிரி நான்கு குழிகள் தோண்டினார்கள். பிறகு, "இங்கேயே இருங்க, எதையும் தொடாதீங்க" என்று எமிலிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். எமில் குழிகளைப் பார்த்தார். திரும்பி உட்கார்ந்தார். மறுபடி பார்த்தார். ஓடுதளத்தில் குழி விழுந்தால், அடுத்த விமானம் இறங்குவதற்குள் மூட வேண்டும். மூன்று மாதமாக இதைத்தானே மண்டையில் ஏற்றியிருந்தார்கள்.

டைரக்டர் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தபோது தரை மட்டமாக இருந்தது. ஓரத்தில் மழைநீர் வடிய வாய்க்கால்கூட இழுத்திருந்தது.

"யோவ், குழியெல்லாம் எங்கய்யா?"

"மூடிட்டேன் சார்."

"எதுக்குய்யா மூடினே?"

"குழியா இருந்துச்சு சார்."

டைரக்டர் தொப்பியைக் கழற்றித் தரையில் வீசினார்.

"நல்லா இறுக்கியிருக்கேன் சார். விமானமே இறங்கலாம்" என்றார் எமில், சமாதானமாக.

மறுபடி தோண்ட நேரமில்லை. வேறு வழியின்றி, கதாநாயகன் அங்கே ஓடுவதை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். எமில் கப்பலேறினார். வழியெல்லாம் தன்மேலேயே எரிச்சல் வந்தது. நடந்ததை ரோசலிக்கு எழுத வெட்கப்பட்டு, எழுதாமலே விட்டார்.

மாதங்கள் கழித்து, பசிபிக் தீவு ஒன்றில் அவள் கடிதம் கிடைத்தது.

"படத்தை மூணு தடவை பார்த்தேன். உங்க மூஞ்சி எங்கேயும் இல்ல. ஆனா ஹீரோ ஓடுற எடத்துல, சண்டைக்கு நடுவுல, பலகை மாதிரி ஒரு தரை வருது. ஓரத்துல வாய்க்கால் வேற. நம்ம வாசல்ல போட்டிருக்கீங்களே, அதே வாய்க்கால். எல்லாம் புரிஞ்சு போச்சு. மூணு தடவையும் அந்த எடத்துல அழுதேன். ஏங்க, ஒரே ஒரு மத்தியானம் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கக் கூடாதா?"