குழந்தையின் பெயர் கட்டாயம்

இன்று பெங்களூர் தொம்மலூர் ஆபீஸில் கவிதா என் மேசைக்கு வந்து நின்றாள். பிரசவத்துக்குப் போனவள். பிறந்த குழந்தை தங்கவில்லை. அதன்பிறகு இன்றுதான் வந்திருக்கிறாள்.

விடுப்பை நீட்டிக்க எங்கள் கம்பெனி வெப்சைட்டில் விண்ணப்பிக்க வேண்டும். அது ஆபீஸ் கம்ப்யூட்டரில் மட்டும்தான் திறக்கும்.

"அக்கா, குழந்தை பேர் போடாம சப்மிட் ஆக மாட்டேங்குது," என்றாள்.

வெறும் கோடு போட்டுப் பார்த்திருக்கிறாள். எழுத்துகள் மட்டும்தான் வேண்டும் என்று சிவப்பில் வந்திருக்கிறது. 'இல்லை' என்று எழுத அவளுக்குக் கை வரவில்லை.

அந்த வெப்சைட்டைப் பார்த்துக்கொள்ளும் மஞ்சுநாத்தைக் கூப்பிட்டேன்.

"லீவுக்குக் குழந்தை பேர் எதுக்கு சார்?"

"யாருக்கும் வேணாம் மேடம். ஃபாரத்துல எல்லா பெட்டிக்கும் கட்டாயம்னு போட்டுட்டோம், அஷ்டே, அவ்வளவுதான்," என்றார்.

பிறகு கவிதாவின் முகத்தைப் பார்த்தார். உட்கார்ந்து அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்.

"இப்ப காலியா விட்டாலும் போகும்மா."

கவிதா காலியாக விடவில்லை. ஒவ்வொரு எழுத்தாகத் தேடி 'யாழினி' என்று அடித்து அனுப்பினாள்.

"நாங்க யோசிச்சு வெச்சிருந்த பேரு அக்கா. இதுவரைக்கும் யாரும் கேக்கல," என்றாள்.

மஞ்சுநாத் எழுந்து, அவள் போகும்வரை நின்றுகொண்டே இருந்தார்.

இதைப் படிப்பவர்களில் பாதிப்பேர் வெப்சைட் எழுதித்தான் சம்பளம் வாங்குகிறீர்கள், என்னைப் போலவே. ஏன் என்றே தெரியாமல் கட்டாயமாக்கிய பெட்டி உங்களிடம் எது? நான் என்னுடையவற்றைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். பார்க்கச் சகிக்கவில்லை.