செய்திகள் வாசிப்பது பழமலை

சனிக்கிழமை சாயங்காலமானால் பழமலை குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொள்வார். குளிக்க அல்ல, செய்தி வாசிக்க. பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, கைப்பேசியை வாய்க்கருகே பிடித்துத் தொண்டையைச் செருமுவார். வீட்டில் வேறு எந்த மூலையிலும் குரல் இப்படிக் கணீரென்று ஒலிக்காது என்பது அவருடைய கண்டுபிடிப்பு.

"வணக்கம். செய்திகள். வாசிப்பது பழமலை. வர்ற ஞாயித்துக்கெழம நம்ம ஆளுங்களுக்குப் பரீட்சை. போன தடவ வேப்பூர்ல மாமியாரு மருமவ பேப்பரப் பாத்து எழுதி, மருமவ பேரையும் சேத்து எழுதி வச்சிட்டாங்க. இந்தத் தடவ தள்ளித் தள்ளி ஒக்கார வைங்க. பேசாத மாமியா மருமவளா இருந்தா பக்கத்துலயே வைக்கலாம். அவங்க திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க."

கதவுக்கு வெளியே, தோளில் துண்டோடு, மகள் மதிவதனி நிற்பாள். ஓசூரில் ஒரு மின்னணு ஆலையில் பழுது ஆராயும் பிரிவில் இன்ஜினீயர். சனிக்கிழமை பஸ் பிடித்து விருத்தாசலம் வந்து இறங்கினால் குளிக்கத் தோன்றும். செய்தி முடியும்வரை குளிக்க முடியாது.

கேட்பவர்கள் ஒரு வாட்ஸப் குழுவில் இருக்கும் விருத்தாசலம், வேப்பூர், ஸ்ரீமுஷ்ணம் பக்கத்து எழுத்தறிவுத் தன்னார்வலர்கள். பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பவர்கள். சம்பளம் கிடையாது. வருடத்துக்கொரு சான்றிதழ், எப்போதாவது ஒரு துணிப்பை. பழமலையும் அந்தத் துணிப்பை வர்க்கம்தான். பகலில் கொலு பொம்மை ஆலையில் மண்மாவு கலக்குவார். வேலை முடிந்ததும் அதே கொட்டகையில், அதே பெண்களுக்கு, அ, ஆ. பேச ஆள் இலவசமாகக் கிடைக்கிற தொழில் இது ஒன்றுதான் என்பார்.

செய்தியின் பின்பாதி வேலைவாய்ப்பு. அதற்காகவே அந்த வாட்ஸப் குழுவில் ஆட்கள் இருந்தார்கள்.

"பாரதி, நல்லாக் கேட்டுக்க. அங்கன்வாடி அறிவிப்பு வரப்போவுதுன்னு பேச்சு. வந்தா மொத ஆளா எழுதிப் போடு. எழுத்துச் சொல்லிக் குடுக்கறது எங்கயும் ஓடிடாது. வயசு வரம்பு ஓடிடும். பிரவீன்குமாரு, நீ தபால்ல பி.எட். சேர்றன்னு சொல்லிச் சொல்லியே கல்யாண வயசத் தாண்டப்போற. இந்த வேலைல முன்னேற ஒரே வழி, இந்த வேலைய விட்டுட்டு வேற வேலைக்குப் போறது. செய்திகள் முடிந்தன."

அவர் மனைவி திரௌபதி அடுப்படியிலிருந்து கத்துவாள். "ஊருக்கெல்லாம் வேல சொல்றியே, நீ எப்பய்யா அந்த மண்ண வுட்டு எழுந்திரிக்கப் போற?"

வேடிக்கைக்குக் கேட்கிற கேள்வி அல்ல. பழமலைக்கு இருமல். மாவுத்தூசி நெஞ்சில் படிந்துவிட்டது, அந்த வேலையை விட்டே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "வுட்டுட்டா சோறு யாரு போடுவா, அவரா?" என்று பழமலை கேட்டார். "நான் போடறேம்பா" என்றாள் மதிவதனி. "மவ சோத்துல ஒக்காந்து செய்தி வாசிச்சா குரல் எடுக்காதும்மா" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவர் வகுப்பைப் பற்றி ஒரே ஒரு கதை சொல்ல வேண்டும். பின்னால் வந்த வினையெல்லாம் அதிலிருந்து வந்தது.

பொம்மை ஆலையில் உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. யார் செய்த பொம்மை என்று தெரிய, ஈரம் காய்வதற்குள் ஆளுக்கொரு கீறல் அடியில் போடுவார்கள். ஒருத்திக்குப் பெருக்கல் குறி, ஒருத்திக்கு மீன், ஒருத்திக்கு மூன்று கோடு. "எழுத்துதான் வந்துடுச்சே, இனிமே என்னாத்துக்கு மீனு? பேர எழுதுங்க" என்றார் பழமலை. எல்லோரும் எழுதினார்கள். காசியம்மாளும் எழுதினாள். அடியில் அல்ல. முன்பக்கப் பீடத்தில், சாமி பேர் எழுதுவதற்காக விட்டிருந்த இடத்தில்.

ஸ்ரீமுஷ்ணம் கோயில் பக்கத்துக் கடைக்குப் போக வேண்டிய சரக்கு. சூளையைப் பிரித்தபோது பூமாதேவியைத் தாங்கி நின்ற வராக மூர்த்திகள் வரிசையாக வந்தார்கள். ஒவ்வொருவர் காலடியிலும் எழுத்துப்பிழை இல்லாமல் 'காசியம்மாள்'.

முதலாளி கோதண்டபாணி தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்மா, பெருமாளுக்கு ஒம்பேரா?"

"அடியில எழுதினா யாருங்க பாப்பாங்க? யாரும் பாக்காத எடத்துல எழுதறதுக்கா இம்மாங்கஷ்டப்பட்டுக் கத்துக்கினேன்?"

கோதண்டபாணியால் பதில் சொல்ல முடியவில்லை. வேலை முடிந்த கையோடு கொட்டகையைப் பூட்ட முடிந்தது. மழைக்காலம் முழுக்க வகுப்பு நடக்கவில்லை. பழமலை ஒரு வராகரை வீட்டுக்குக் கொண்டுவந்து ஃப்ரிட்ஜ் மேல் வைத்தார். திரௌபதி வெள்ளிக்கிழமைகளில் அதற்குப் பூ வைத்தாள். "காசியம்மா சாமி, இந்த மனுசனுக்குப் புத்தியக் குடு" என்பது அவள் வேண்டுதல்.

அப்படியிருக்கும்போதுதான் அந்த வேலை வந்தது.

மதிவதனிதான் கண்டுபிடித்தாள். கடலூரில் ஒரு தொண்டு நிறுவனம். முதியோர் எழுத்தறிவுக்கு வட்டார ஒருங்கிணைப்பாளர் வேண்டும். ஒரே ஓர் இடம். மாதச் சம்பளம். நிழலில் நாற்காலி. தூசி கிடையாது. அறிவிப்பு அவர்களுடைய இணையதளத்தில், ஆங்கிலத்தில், கீழே எங்கோ கிடந்தது. குழுவில் யாரும் அங்கே போய்ப் பார்க்க மாட்டார்கள். அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். இடம் ஒன்று. இந்தப் பக்கத்தில் அது தெரிந்த ஆளும் ஒன்று. இதைக் கெடுக்க அப்பாவால் மட்டும்தான் முடியும்.

"அப்பா, யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"சரிம்மா."

"செய்தில சொல்லாதீங்க."

பழமலை தொண்டையைச் செருமினார். "சரிம்மா."

அந்தச் சனிக்கிழமை அவர் சொல்லவில்லை. வாளிமேல் உட்கார்ந்து பரீட்சை, பயிற்சி, வேப்பூரில் கரும்பலகையை ஆடு முட்டி உடைத்தது எல்லாம் வாசித்தார். வேலைவாய்ப்பு வந்தபோது இருமினார். இருமல் நின்ற பிறகும் கொஞ்சம் இருமினார். "வேலைவாய்ப்புச் செய்தி இந்த வாரம் இல்லை" என்று முடித்தார்.

அவர் வெளியே வருவதற்குள் ஸ்ரீமுஷ்ணம் ஜெயஸ்ரீயின் பதில் வந்துவிட்டது. "அண்ணே, உடம்பு சரியில்லியா? ஒரு நாளும் நீங்க வேலைவாய்ப்பு இல்லன்னு சொன்னதே இல்லியே. இல்லாட்டியும் எதுனா ஒண்ணு உண்டாக்கிச் சொல்லுவீங்களே."

பழமலை அந்த வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த சனிக்கிழமை தாழ்போடும் சத்தத்திலேயே திரௌபதிக்குப் புரிந்துவிட்டது. கரண்டியோடு வந்து கதவைத் தட்டினாள். "யோவ், வாயத் தொறந்த, நடக்கறதே வேற!"

"வணக்கம். செய்திகள். தலைப்புச் செய்தி" என்றது உள்ளிருந்து. எங்கே, என்ன தகுதி, கடைசித் தேதி எப்போது, விண்ணப்பத்தில் எந்த இடத்தில் எல்லோரும் தப்பு விடுவார்கள், எல்லாம் வந்தது. "போன வாரமே இது தெரியும். மறைச்சி வச்சிருந்தேன். செய்தி வாசிக்கறவன் பண்ற வேலையில்ல. செய்திகள் முடிந்தன."

திரௌபதி கரண்டியைக் கீழே எறிந்தாள். மதிவதனி குளிக்காமலே போய்ப் படுத்துக்கொண்டாள்.

நேர்முகத் தேர்வுக்குக் கடலூர் பஸ்ஸில் ஒரு கூட்டமே போனது. ஜெயஸ்ரீ, பாரதி, பிரவீன்குமார், இன்னும் இரண்டு பேர், பழமலை. விடுப்புப் போட்டு மதிவதனியும் போனாள். திரௌபதி வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே எல்லோருக்கும் புளிசாதம் கட்டிக் கொடுத்திருந்தாள். போட்டியாளர்களுக்குச் சோறு கட்டிய குடும்பம் தமிழ்நாட்டில் இது ஒன்றுதான் என்று மதிவதனி நினைத்துக்கொண்டாள்.

வராந்தாவில் நாற்காலிகள். ஜன்னல் திறந்திருந்தது. முதலில் பிரவீன்குமார் போனான். உள்ளே ஒரு பெண்மணி கேட்பது காதில் விழுந்தது. "உங்க வேலையில நீங்க தோத்துப்போன ஒரு சம்பவம் சொல்லுங்க."

"மேடம், என் வகுப்புல ஒரு அம்மா நரசிம்மர் பொம்மை பீடத்துல தன் பேர எழுதிட்டாங்க..."

மதிவதனி அப்பாவைப் பார்த்தாள். பழமலை கூரையைப் பார்த்தார்.

பாரதியின் வகுப்பில் அது கிருஷ்ணர். அடுத்தவருடையதில் பிள்ளையார், அதுவும் மூன்று அடி உயரம். ஜெயஸ்ரீ வராகர் என்று சரியாகச் சொன்னாள். சொந்த ஊர்ப் பெருமாள் அல்லவா. கொட்டகையைப் பூட்டிய இடத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. உள்ளே யாரோ தண்ணீர் கொடுத்தார்கள்.

"என்னப்பா இது?"

பழமலை குரலைத் தாழ்த்தினார். "தோல்வியச் சொல்லுன்னு கேப்பாங்கன்னு சொன்னேன். எங்களுக்கு ஏதுண்ணே தோல்வின்னாங்க. சரி, என்னுத எடுத்துக்கன்னேன்."

"எல்லார்கிட்டயுமா?"

"தனித்தனியா போன் பண்ணாங்கம்மா. ஒருத்திக்குக் குடுத்துட்டு ஒருத்திக்கு இல்லன்னா எப்பிடி?"

கடைசியாக அவரைக் கூப்பிட்டார்கள். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. பெண்மணி சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். "ஐயா, நீங்க பொம்மை ஆலையிலயே வேலை பார்க்கறீங்க. உங்க வகுப்புலயும் பொம்மை மேல பேர் வந்துச்சா?"

மதிவதனி ஜன்னலோரம் போனாள். ஆமாம் என்றால் போதும். ஆலை இருக்கிறது, காசியம்மாள் இருக்கிறாள், ஃப்ரிட்ஜ் மேல் வராகரே சாட்சி இருக்கிறார். ஆமாம் என்றால் மற்ற எல்லோரும் திருடர்கள்.

"இல்லைங்க" என்றார் பழமலை. "நம்ம கிளாஸ்ல அப்பிடியெல்லாம் நடந்ததில்லைங்க."

"அப்ப உங்க தோல்வி?"

"எனக்குத் தோல்வியே கிடையாதுங்க."

உள்ளே பேனா மேசையில் விழுந்தது. "அப்படி ஒருத்தரை இதுவரைக்கும் நாங்க பார்த்ததில்ல" என்றது ஓர் ஆண்குரல். அந்தக் குரலில் மரியாதை இல்லை. பிறகு பழமலை இருமினார். நெடுநேரம் இருமினார்.

திரும்பும்போது நெய்வேலி தாண்டியதும் மதிவதனி அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள். "ஏம்ப்பா?"

"குடுத்த தோல்வியத் திருப்பிக் கேக்கறது மரியாதையாம்மா?" என்றார். புளிசாதம் மிச்சம் இருக்கிறதா என்றும் கேட்டார்.

வேலை ஜெயஸ்ரீக்குக் கிடைத்தது. "நானா இருந்தாலும் அவளத்தான் எடுத்திருப்பேன். என் கதைய என்னவிட நல்லாச் சொல்லிட்டா" என்றார் பழமலை. சனிக்கிழமை வாளிமேல் உட்கார்ந்து வாசித்தார். "ஜெயஸ்ரீ தேர்வு. தோத்தவங்க மனசு ஒடைய வேணாம். செய்தி வாசிக்கறவனும் அந்தக் கூட்டத்துல ஒருத்தன்தான்."

திங்கட்கிழமை மாவு கலக்கப் போனார். அதற்குப் பிந்திய திங்கட்கிழமைகளிலும் போனார். தையில் மூச்சு முட்டியது. மாசி பிறப்பதற்குள் ஆள் போய்விட்டார்.

ஓசூர் ஆலையில் ஒரு கருவி பழுதானால் மதிவதனி காரணம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். கருமாதிக்கு வந்தவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மனசுக்குள் எழுதிப் பார்த்தாள். காரணம்: தூசி. அடித்தாள். காரணம்: ஜெயஸ்ரீ. அடித்தாள். காரணம்: அந்த இணையதளத்தைத் தேடிப் பார்த்தவள். அதை அடிக்க முடியவில்லை.

ஜெயஸ்ரீ வந்திருந்தாள். கை கழுவப் போன இடத்தில் மதிவதனியைப் பிடித்துக்கொண்டாள்.

"மதி, அங்கன்வாடி அறிவிப்பு வந்துடுச்சி. பாரதிக்கு வயசு தாண்டப் போவுது. குழுவுல சொல்லணும். அண்ணன் போனு உங்கிட்டதான இருக்குது?"

"நீங்கதான சம்பளம் வாங்கறவங்க. நீங்களே சொல்லுங்க."

ஜெயஸ்ரீ கோபப்படவில்லை. "நான் சொன்னா அது ஆபீசு உத்தரவு. ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. அண்ணன் போனுலேருந்து வந்தாத்தான் அது சேதி." குழாயை மூடினாள். "அன்னைக்கு உள்ள என்னா நடந்துச்சின்னு அந்தம்மா பின்னாடி சொன்னாங்க. எனக்குத் தெரியாது மதி. என் ஒருத்திக்குத்தான் அண்ணன் அந்தக் கதயக் குடுத்தாருன்னு நெனச்சேன்."

"எல்லாரும் அப்படித்தான் நெனச்சாங்க" என்றாள் மதிவதனி.

அந்தச் சனிக்கிழமை அவள் எதுவும் செய்யவில்லை. குழுவில் கும்பிடுகிற கைகள் மட்டும் வந்துகொண்டே இருந்தன. அடுத்த சனிக்கிழமை குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டாள். வாளியைக் கவிழ்த்தாள். தொண்டையைச் செருமினாள். அப்பாவின் செருமல் அச்சு அசலாக வந்தது. திரௌபதி அடுப்படியில் பாத்திரத்தைத் தவறவிட்ட சத்தம் கேட்டது.

"வணக்கம். செய்திகள். வாசிப்பது பழமலை மக மதிவதனி. தலைப்புச் செய்தி. விருத்தாசலத்துல ஒரு எடம் காலி. சனிக்கிழமை சாயங்காலம் செய்தி வாசிக்கணும். சம்பளம் கிடையாது. துணிப்பை கிடைக்கலாம். சொந்தத் தோல்வி இருக்கறவங்களுக்கு முன்னுரிமை. அடுத்த செய்தி எனக்கு ரெண்டு வாரமாத் தெரியும். போன வாரம் மறைச்சிட்டேன். பாரதி அக்கா, அங்கன்வாடி அறிவிப்பு வந்திருக்குது..."

விண்ணப்பம் ஒன்றே ஒன்று வந்தது. அதுவும் நேரில், கையில் பொம்மை மண் காயாமல்.

மறு சனிக்கிழமை ஓசூர் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. மதிவதனி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். உள்ளே காசியம்மாள் ஒரு வேலை அறிவிப்பை ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தாள். தேதி, இடம், பக்க எண், கீழே அச்சகத்தின் பெயர், ஒன்றையும் விடவில்லை.

"ஏண்டி, சீக்கிரம் முடிடி. புள்ள குளிக்கணும்!" என்று திரௌபதி கத்தினாள்.

"பொடி எழுத்தா இருக்குதுக்கா! இன்னும் ரெண்டு பக்கம் இருக்குது!"

"படிக்கட்டும்மா" என்றாள் மதிவதனி. துண்டை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.