எங்கேயோ வயர் கருகுது

அந்த எட்டு மாடிக் குடியிருப்பில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாருமில்லை. சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு டெஸ்டர் துருத்திக்கொண்டிருக்கும். அதனால் அவரே டெஸ்டர் ஆகிவிட்டார். அறுபத்து நான்கு வீடுகள், இரண்டு லிஃப்ட், மூன்று தண்ணீர் மோட்டார், அத்தனைக்கும் பதினேழு வருடமாக அவர்தான் எலக்ட்ரீஷியன். எந்த வீட்டில் எந்த சுவிட்ச் மக்கர் பண்ணும் என்பது அங்கே குடியிருப்பவர்களைவிட அவருக்கு அத்துப்படி.

ஒரு திங்கட்கிழமை காலை, மூன்றாம் மாடியில் மின்விசிறி மாட்டிக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று வயர் கருகும் நெடி அடித்தது. ரப்பரும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து பொசுங்குகிற நெடி. மனிதர் ஏணியிலிருந்து பாதியில் குதித்து மெயினை அணைத்தார். பெட்டியைத் திறந்து பார்த்தால் எல்லாம் பளிச்சென்று இருந்தது. வீட்டுக்கார அம்மாளைக் கேட்டார். தனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்றார் அந்த அம்மாள்.

அன்று மதியம் மாடிப்படியில் அதே நெடி. சாயங்காலம் லிஃப்ட் அறையில். அதற்குமேல் டெஸ்டருக்கு இருப்புக்கொள்ளவில்லை. நேராகச் சங்கச் செயலாளரிடம் போய், "சார், எங்கேயோ வயர் கருகுது. கண்டுபிடிக்காம விட்டா பெரிய ஆபத்து" என்றார். இவர் சும்மா பயமுறுத்துகிற ஆள் இல்லை என்பது செயலாளருக்குத் தெரியும். உடனே தலையாட்டினார்.

மூன்று நாள் வேட்டை. எட்டாம் மாடியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு ஜங்ஷன் பெட்டியாகக் கழற்றினார். சுவரில் மூக்கை வைத்து மோந்துகொண்டே போனவரைப் பார்த்து ஆறாம் மாடிக் குழந்தைகள் கூட்டமாகப் பின்னால் வந்தார்கள். மூன்றாம் நாள் பம்ப் ரூமில், மோட்டாருக்குப் போகும் இணைப்பு ஒன்று நிஜமாகவே சூடேறிக் கறுத்திருந்தது. டெஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் பற்றியிருக்கும் என்று எல்லோரிடமும் அந்தக் கறுத்த துண்டைக் காட்டினார். செயலாளர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மறுநாள் காலை, இரண்டு தெரு தள்ளியிருந்த தன் வீட்டில் குளித்துக்கொண்டிருந்தபோது, தலையில் சோப்பு நுரையோடு இருந்தவருக்கு மறுபடியும் வயர் கருகியது.

அப்படியே துண்டைக் கட்டிக்கொண்டு ஓடிவந்து தன் வீட்டு சுவிட்ச் போர்டுகளையும் பிரித்துப் போட்டார். அவர் மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. பதினைந்து வருடமாகக் கவுன்டருக்குப் பின்னால் நின்று ஊர் உபாதையெல்லாம் கேட்டவர். தனக்கு எந்த நெடியும் வரவில்லை என்றார். பிறகு கடைக்கு லீவு சொல்லிவிட்டு, அவரைப் பஸ் ஏற்றி ஊருக்கு வெளியே ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனார். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மின்கம்பம் கிடையாது. தண்ணீரும் வானமும்தான். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். டெஸ்டரின் மூக்கு விடைத்தது.

"வருதா?"

"வருது."

"இங்க எந்த வயருங்க கருகுது?"

டெஸ்டர் சுற்றிலும் பார்த்தார். முதுகில் சில்லென்றது. ஆனால் அந்தப் பயத்துக்கு நடுவிலேயே அவருக்குள் ஏதோ ஒன்று துள்ளி எழுந்தது. அறுபத்து நான்கு வீட்டைச் சல்லடை போட்டுத் தேடியாயிற்று. பார்க்காமல் விட்ட இடம் ஒன்றே ஒன்றுதான், அது தன் தலை.

மனைவி அவரை ஒவ்வொரு பக்க மூக்காக மூடச் சொன்னார். வலதை மூடினார், நெடி அப்படியே இருந்தது. இடதை மூடினார், பட்டென்று நின்றது. விரலை எடுத்தார், திரும்ப வந்தது. நாலைந்து தடவை செய்து பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"ஃபால்ட் எந்த லைன்ல இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. இடது லைன்."

காது மூக்கு தொண்டை டாக்டர் ஓர் இளம்பெண். இல்லாத வாசனை வருவது பலருக்கும் உண்டு, வெளியே சொல்லத்தான் தயங்குவார்கள் என்றார். மூளையில் கோளாறு இருந்தாலும் இப்படி வரலாம். ஒரு ஸ்கேன் எடுத்துவிடுவோம் என்றும் சொன்னார். இதை ஏரிக்கரைக்குப் போகும் முன்பே யோசித்து, கணவரிடம் சொல்லாமல் வைத்திருந்த மனைவி, இன்றைக்கே எடுத்துவிடலாமா என்று கேட்டார்.

படம் வந்தது. மூளை சுத்தமாக இருந்தது. இடது கன்னத்து எலும்புக்குள் காற்று இருக்க வேண்டிய இடம் மட்டும் வெள்ளையாக அடைத்துக்கிடந்தது. டாக்டர் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, மேல் வரிசையில் ஏதாவது பல்லுக்கு வைத்தியம் செய்தீர்களா என்று கேட்டார். இரண்டு வருடம் முன்பு கடைவாய்ப் பல் ஒன்றில் நரம்பை எடுத்து மூடி போட்டது டெஸ்டருக்கு நினைவு வந்தது. ஆனால் அதில் வலியே இல்லையே என்றார். அந்தப் பல்லின் வேரிலிருந்து சீழ் மேலே ஏறியிருக்கிறது, இந்த மாதிரிப் பல் பல பேருக்கு வலிக்காது என்றார் டாக்டர்.

"நரம்பையே எடுத்தாச்சே டாக்டர். அலாரம் லைனை வெட்டிட்டா மணி எப்படி அடிக்கும்?" டெஸ்டர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். படத்தைக் கையில் வாங்கி, எங்கிருந்து எங்கே போயிருக்கிறது என்று விரலால் தடவிக்கொண்டே போனார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

பல்லைப் பிடுங்கினார்கள். கன்னத்துக்குள் சுத்தம் செய்தார்கள். உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவச் சொன்னார்கள். நெடி உடனே போய்விடவில்லை. நாளுக்கு நாள் மங்கியது. பதினோராவது நாள் லிஃப்டில் நின்றிருந்தவருக்கு, காலையிலிருந்து ஒன்றுமே கருகவில்லை என்று உறைத்தது. மூன்றாம் மாடியில் இறங்க வேண்டியவர் எட்டாம் மாடி வரை போய்த் திரும்பினார்.

அதன் பிறகு குடியிருப்பில் யார் அகப்பட்டாலும் இந்தக் கதைதான். ஐந்தாம் மாடியில் தனியாக இருந்த கணக்கு டீச்சர் ஒருநாள் அவரை வீட்டுக்குள் அழைத்தார். ஒரு வாரமாகத் தனக்கும் ஏதோ அழுகுகிற நாற்றம் வருவதாகவும், புத்தி பிசகிவிட்டதோ என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை என்றும் தணிந்த குரலில் சொன்னார். டெஸ்டர் உற்சாகமாகிவிட்டார். டீச்சரையும் ஒவ்வொரு பக்க மூக்காக மூடச் சொன்னார். வலது பக்கமும் அடித்தது, இடது பக்கமும் அடித்தது. குழம்பிப்போனவர் தாமே ஒரு முறை நன்றாக மூச்சை இழுத்தார்.

"டீச்சர், எனக்கும் அடிக்குது."

"நிஜமாவா?"

டார்ச்சை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். குளியலறை வெந்நீர்ப் பெட்டிக்குப் பின்னால் ஓர் எலி செத்துக்கிடந்தது. வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். டீச்சர் சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். செத்த எலியைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்ட ஒருவரை டெஸ்டர் தன் பதினேழு வருடத்தில் கண்டதில்லை.