வரைபடத்தில் வராத பதினோரு இடங்கள்

"அண்ணே, நேத்து பைராம் தோட்டத்துக்குப் போனீங்களா?"

"போனேனே."

"மேப்புல ஒரு புள்ளிகூட இல்லையே. சிவப்புப் பெட்டி மெயின் ரோட்டுல பேசுது. அப்புறம் பாத்தா மறுபடியும் மெயின் ரோட்டுலதான் பேசுது. நடுவுல ரெண்டு மணி நேரம் எங்க இருந்தீங்க?"

"தோட்டத்துக்குள்ளதான்மா."

"மழைன்னு கடையில ஒதுங்கிட்டீங்களோன்னு நெனச்சேன்."

மறுமுனையில் மோட்டார் சைக்கிளின் சத்தம் கேட்டது. அதற்கு மேல் குரலை உயர்த்திப் பேட்ரிக் சொன்னார்: "பதினோரு எடத்துல நின்னேன். அமுக்கினேன். போகல. அதுக்கு நான் என்னலா பண்ண?"

வைத்துவிட்டார்.

காமினிக்கு முகம் சுட்டது. ஜார்ஜ்டவுன் கடைவீட்டின் மாடியில் இருந்த அந்தச் சிறு அலுவலகத்தில் அவள் அதிகம் பேசாதவள். இன்று வாய் ஏன் இப்படிப் போனது?

வேலை எளிமையானதுதான். தோட்டத்து ஓடைக்கரையில் நீர்மட்டம் பார்க்கும் கருவிகளை நட வேண்டும். ஒரே பேட்டரியில் பல வருடம் ஓடும் கருவிகள். நாளுக்குச் சில வார்த்தைதான் பேசும். அந்த வார்த்தைகள் எந்த வழியில் தவறாமல் வந்து சேரும் என்பதுதான் கேள்வி; அதைச் சோதிக்கத்தான் இரண்டு பெட்டிகள். சிவப்புப் பெட்டி, கம்பெனி தானே கட்டடங்களின் மேல் நட்ட ஆன்டெனாக்களோடு பேசும். நீலப் பெட்டி கைபேசிக் கோபுரங்களோடு பேசும். நீலத்தின் கணக்கு இரண்டு நாள் கழித்துத்தான் கைக்கு வரும்.

பேட்ரிக் பதினெட்டு வருடம் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் உற்பத்தி லைனில் நின்றவர். லைனை மூடியதும் இந்த வேலைக்கு வந்தார். இரண்டு பெட்டிகளையும் ஒரு பி.வி.சி. குழாயில், முழங்கால் உயரத்தில் கட்டியிருப்பார். "உசரமா கட்டினா சிக்னல் நல்லா வருமே அண்ணே" என்று காமினி ஒருமுறை கேட்டதற்கு, "ஓடைக்கரைப் பெட்டி என்ன தென்னைமரத்துலயா உக்காரப் போகுது?" என்றார். நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் பொத்தானை அமுக்குவார். பிறகு பள்ளி நோட்டில் ஒரு வரி எழுதுவார்.

அந்த நோட்டின் படங்கள் மதியம் அவள் கைபேசிக்கு வந்தன.

'மூணாவது வீட்டு லைன், கறிவேப்பிலை மரம், 9.20.' 'கோயில் பின்பக்கம், 9.31.' இப்படிப் பதினொன்று. எழுதியது உண்மைதானா? காமினி திரையைத் திறந்து, வந்த செய்திகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பெட்டி தான் அனுப்பும் ஒவ்வொரு செய்திக்கும் வரிசை எண் போடும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தோட்டத்துக்கு முன்னால் மெயின் ரோட்டில் வந்தது 212. திரும்பி வந்தபோது 224.

நடுவில் பதினொன்று.

அவள் நாற்காலியை முன்னுக்கு இழுத்தாள். அப்படியானால் மற்ற நாட்கள்? பாலிக் புலாவ் டுரியான் பழத்தோட்டச் சரிவில் 88க்குப் பிறகு 93. அடுத்த வளைவில் 97க்குப் பிறகு 101. வந்தவற்றில் எத்தனை சிதையாமல் வந்தன என்று மட்டும் மென்பொருள் எண்ணியிருந்தது. வராதது, அதைப் பொறுத்தவரை, நடக்கவே இல்லை. சிவப்புக்குத் தொண்ணூற்றாறு விழுக்காடு என்று அவளே அறிக்கையில் எழுதி வைத்திருந்தாள். விட்டுப்போனவற்றைச் சேர்த்ததும் அது அறுபத்தொன்றாக இறங்கியது.

மறுநாள் காலை நீலத்தின் கணக்கு வந்தது. தோட்டத்தின் பதினோரு இடங்களில் ஒன்பதிலிருந்து அது பேசியிருந்தது.

எல்லோரும் போஸ் என்று அழைக்கும் முதலாளி திருநாவுக்கரசு, சிவப்பு, நீலம் இரண்டின் கணக்குத் தாள்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "நம்ம ஆன்டெனாவை நாமளே கவுத்துட்டியே, காமினி." பெருமூச்சு விட்டார். "சரி, தோட்டத்துக்கு நீலத்தையே போடு. அந்த ரெண்டு எடத்தை விட்டுரு. மேப்புல வெத்தா இருக்கட்டும்."

அவள் பேட்ரிக்கை அழைத்தாள். "அண்ணே, நேத்து நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

"கடையில ஒதுங்கினதும் உண்மைதான்மா," என்று சிரித்தார். "ஆனா எல்லாம் முடிச்சிட்டுத்தான்."

"ரெண்டு எடத்துல நீலமும் வரல. ஒண்ணு பம்ப் வீடு. இன்னொண்ணு நோட்டுல 'வள்ளியம்மா வீட்டுப் பின்பக்கம்'னு இருக்கு."

சிரிப்பு நின்றது.

"அந்த அக்காவா? பெட்டியைப் பாத்துட்டு ஐஸ்கிரீமான்னு கேட்டாங்க. தண்ணி வந்தா சொல்ற பெட்டின்னேன். 'வந்தா எனக்கே தெரியும் தம்பி, கட்டில் மிதக்கும். வர்றதுக்கு முன்னாடி சொல்லுமா?'ன்னாங்க. சொல்லும்க்கான்னு சொல்லிட்டு வந்துட்டேன்லா."

காமினி திரையில் வரைபடத்தைத் திறந்தாள். ஓடைக்கும் வீட்டு வரிசைக்கும் நடுவே அந்த இடம் வெள்ளையாக இருந்தது.

"போஸ் அதை வெத்தா விடச் சொன்னாரு அண்ணே."

"வெத்தா விடாத தங்கச்சி. வெள்ளையா இருந்தா அங்க வீடே இல்லன்னு நெனச்சுக்குவாங்க. ஒரு கறுப்புப் புள்ளி வச்சு, பக்கத்துல அவங்க பேரையும் எழுதிரு."